யாரை யாரோடு விடுவது: மினியேச்சர் போர் விளையாட்டில் அணிப்போட்டி

பள்ளிக்கூடச் சதுரங்க அணியில் ஆடியவர்களுக்குத் தெரியும், முதலாம் பலகைக்காரர் எதிரணியின் முதலாம் பலகைக்காரரோடுதான் ஆடவேண்டும். வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்றமுடியாது. மினியேச்சர் எனப்படும் சிறு உருவங்களை வைத்து மேசையில் ஆடும் போர் விளையாட்டின் அணிப்போட்டி அப்படியல்ல. யார் யாரோடு மோதுவது என்பதே அங்கே தனியொரு விளையாட்டு. ஒவ்வொரு சுற்றிலும் பகடையைக் கையில் எடுக்கமுன் அது நடந்து முடிந்துவிடும். தனிப்போட்டியில் நன்றாக ஆடும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் நல்ல அணி கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள், அநேகமாக அந்தச் சில நிமிடத்திலேயே தோற்றுவிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் இந்த முறை 8 பேர் கொண்ட அணிகளோடு வளர்ந்தது. 5 பேர் அணிகளும் பரவலாக உண்டு. இலங்கையின் வடக்கே வன்னியில் எட்டுப் பேரை ஒரே நாளில் ஒரே இடத்துக்குக் கூட்டிவருவதும், எட்டுப் படையையும் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதும் நடக்கிற காரியமில்லை. இங்கே பொருந்துவது மூன்று பேர் அணி. மூன்று பேரும் ஒரே ஓட்டோவில் வரலாம். கீழே சொல்லப்போகும் விளையாட்டைத் தெரிந்தால், மூன்று படையும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும். சோடி சேர்க்கும் கலையில் கற்க வேண்டியதெல்லாம் மூன்று பேரிலேயே இருக்கிறது.

எந்த விளையாட்டு

என் தெரிவு டிபிஏ (De Bellis Antiquitatis). 1990இல் முதன்முதலாக வெளிவந்த விதிகள். ஒரு படைக்கு 12 எலிமென்ட் மட்டுமே. எலிமென்ட் என்பது ஒரே அடித்தட்டில் ஒட்டப்பட்ட, பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு உருவங்களின் தொகுதி. 15 மில்லிமீற்றர் உருவங்களுக்கு அடித்தட்டின் முகப்பு 40 மில்லிமீற்றர். ஆடுகளம் 600 மில்லிமீற்றர் சதுரம். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டி, விழுந்த எண்ணிக்கையளவு எலிமென்ட்களையோ குழுக்களையோ மட்டும் நகர்த்தலாம். நான்கு எலிமென்ட்டையோ தளபதியின் எலிமென்ட்டையோ இழந்து, எதிரியைவிட அதிகமாகவும் இழந்திருந்தால் தோல்வி. பழகியவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். அணிப்போட்டிக்கு இதைவிட வசதி எது? பெரிய விளையாட்டுகளில் ஒரு ஆட்டமே மூன்று மணித்தியாலம் இழுக்கும். ஒரு பகலில் இரண்டு சுற்றோடு பொழுது போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அது முதற்காரணம். டிபிஏ எடுத்துக்கொள்ளும் காலம் கி.மு. 3000 முதல் கி.பி. 1500 வரை. வன்னியில் இந்த விளையாட்டை வெளியில் கொண்டுவரும்போது காலத்தைத் தெரிவது வெறும் ரசனை சார்ந்த விஷயமல்ல. மண்டபத்து வாசலில் எட்டிப் பார்ப்பவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருப்பார், காலை இழந்தவர் இருப்பார். அண்மைக்காலப் போரையும் அதன் சீருடைகளையும் ஆயுதங்களையும் மேசையில் வைக்கவே கூடாது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே மாதத்தில் போட்டி வைக்க வேண்டாம். அறிவித்தலில் ‘யுத்தம்’ என்று போடாமல் ‘பழங்காலப் படை உத்தி விளையாட்டு’ என்று எழுதுங்கள். பொதுநோக்கு மண்டபத்துக்குக் கொடுக்கும் கடிதத்தோடு ஆடுகளத்தின் படங்கள் இரண்டை இணைத்துவிடுங்கள். அடித்தட்டில் நிற்கும் யானையையும் ஈட்டிக்காரரையும் கண்டால், என்ன விளையாட்டு என்று யாருக்கும் விளங்கும்.

1803இல் பிரித்தானியரோடு போரிட்ட வன்னித் தலைவர் பண்டார வன்னியனின் படையை இறக்கலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அது துப்பாக்கியும் பீரங்கியும் ஓங்கிய காலம். டிபிஏயின் எல்லைக்கு வெளியே. தமிழ்ப் படை வேண்டுமென்றால் பழைய தமிழரசர்களின் படைக்குப் பட்டியலில் இடமிருக்கிறது, யானையோடு.

புள்ளி

அணிப்போட்டியில் வெற்றி தோல்வி மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவால் என்பதும் வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு 20 புள்ளி, இரண்டு பேருக்கும் பங்கு. சமமாக முடிந்தால் 10-10. இழந்த எலிமென்ட்களின் வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். 4-3 என்று வென்றால் 12-8. 4-2 என்றால் 14-6. 4-0 என்றால் 18-2. தளபதி இருந்த எலிமென்ட்டும் போனால் மேலும் 2. அதற்குமேல் எவ்வளவு வித்தியாசம் வந்தாலும் 20-0 என்பதோடு நிற்கும்.

மூன்று ஆட்டத்துக்கும் மொத்தம் 60. அணி 34 அல்லது அதற்கு மேல் எடுத்தால் வெற்றி. 28, 30, 32 சமநிலை. 26 அல்லது அதற்குக் கீழ் தோல்வி. நடுவில் இந்தச் சமநிலைப் பட்டையை வைப்பது முக்கியம். அது இல்லாவிட்டால் 32-28 போன்ற மயிரிழை முடிவுக்காகக் கடைசி நிமிடத்தில் மூன்று மேசையிலும் வாக்குவாதம் வரும். இந்த அளவுகள் நான் பரிந்துரைப்பவை. உங்கள் குழு வேறு அளவு வைத்தால், முதற்சுற்றுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரே படையை ஓர் அணியில் இரண்டு பேர் கொண்டுவர விடக்கூடாது. மூன்று பேரும் யானைப்படையோடு வந்தால் சோடி சேர்ப்பதில் தெரிவே இருக்காது, அந்தப் பகுதியே செத்துவிடும்.

சோடி சேர்க்கும் முறை

ஆங்கிலத்தில் இதில் வரும் சொற்கள் டிபென்டர், அட்டாக்கர். டிபிஏயிலும் நிலவமைப்பை வைக்கிறவரை டிபென்டர் என்றே சொல்வார்கள். இரண்டும் கலந்து குழப்பம் வரும். ஆகவே சோடி சேர்க்கும்போது ‘நிற்பவர்’, ‘வருபவர்’ என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு அணித்தலைவர்களும் மேசையின் இரண்டு பக்கத்திலும் இருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் மூன்று அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு படையின் பெயர். முதலில் இருவரும் ஒரு அட்டையைக் கவிழ்த்து வைக்கவேண்டும். அது நிற்பவர். நடுவர் சொன்னதும் இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்புவது. முந்நூற்று நாலு சீட்டு ஆடுகிறவர்களுக்குத் துரும்பைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் இருப்பதால் இது இலகுவில் பிடிபடும். அடுத்ததாக, எதிரணியின் நிற்பவருக்கு எதிராக இரண்டு வருபவர்களை முன்வைப்பது. மூன்று பேர் அணியில் மிச்சமிருப்பதே இரண்டு பேர் என்பதால் அவர்கள் தானாகவே வருபவர்கள். இப்போது ஒவ்வொரு தலைவரும் தன் நிற்பவருக்கு அந்த இரண்டு பேரில் யார் வேண்டும் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கவிழ்ப்பார். திருப்பியதும் இரண்டு ஆட்டம் முடிவாகிவிடும். வேண்டாமென்று விடப்பட்ட இருவரும் தங்களுக்குள் ஆடுவார்கள்.

5 பேர் அணியென்றால் இதே முறையை ஒருதரம் செய்து இரண்டு ஆட்டத்தைத் தீர்த்தபின், மிச்சம் மூன்று பேரோடு மறுபடி செய்வது. 4 பேர் என்றால் நிற்பவர் ஒருவர், வருபவர் இருவர், ஒளித்து வைத்தவர் ஒருவர். ஒளித்து வைத்தவர்கள் இருவரும் தங்களுக்குள் மோதுவார்கள். 8 பேர் அணிக்கு இதையே மூன்று தரம் செய்யவேண்டும்.

பிழைகள் வருவது சிறிய இடங்களில்தான். மெல்லிய தாளில் அட்டை செய்தால் யன்னல் வெளிச்சத்தில் எழுத்து பின்பக்கம் தெரியும். பிரிஸ்ரல் போட்டை இரண்டாக மடித்து ஒட்டி, உட்பக்கம் கறுப்புத் தாள் வையுங்கள். மூன்று அட்டையும் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்றின் மூலை மடங்கினால் மூன்றையும் மாற்றுங்கள். ஒருவர் திருப்பியபின் மற்றவர் திருப்பினால் அந்தச் சோடி செல்லாது, முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதில் நடுவர் தயவு காட்டக்கூடாது. சோடி முடியும்வரை அணியின் மற்ற இருவரும் தலைவருக்குப் பின்னால் நிற்கலாம், ஆனால் எதிரணியின் பக்கம் போகக்கூடாது.

ஒரு கணக்கு

இந்த முறை எவ்வளவு புள்ளியை அசைக்கும் என்பதைச் சொல்லால் விளக்குவதைவிட எண்ணால் காட்டுவது நல்லது. நம் அணியில் யானைப்படை, ஈட்டிப்படை, நைட் எனப்படும் கனத்த குதிரைப்படை. எதிரணியில் சைலோய் எனப்படும் இலகு காலாள்கள் நிறைந்த படை, வார்பாண்ட் எனப்படும் பாய்ந்து தாக்கும் காலாள் படை, இன்னொரு நைட் படை. ஒவ்வொரு மோதலிலும் நமக்கு எத்தனை புள்ளி வரும் என்று நாம் மதிப்பிட்டிருக்கிறோம்:

யானை: சைலோய்க்கு எதிராக 6, வார்பாண்ட்டுக்கு 12, நைட்டுக்கு 16
ஈட்டி: சைலோய்க்கு 12, வார்பாண்ட்டுக்கு 6, நைட்டுக்கு 12
நம் நைட்: சைலோய்க்கு 8, வார்பாண்ட்டுக்கு 14, நைட்டுக்கு 10

இந்த எண்கள் ஆகாயத்திலிருந்து வந்தவையல்ல. யானையிடம் தோற்கும் நைட் பின்வாங்குவதில்லை, அங்கேயே அழியும். அதே யானை சைலோயிடம் மோதலின் பகடைக் கணக்கில் ஒரு புள்ளியால் தோற்றாலும் அழியும். ஈட்டிக்காரரை வார்பாண்ட் ஒரு புள்ளியால் வென்றாலும் ஈட்டி போய்விடும். டிபிஏயில் யார் யாரை ஒரே அடியில் அழிப்பார் என்ற அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்காதவர் சோடி சேர்க்கும் மேசையில் இருக்கக்கூடாது.

மூன்று பேரை மூன்று பேரோடு விட ஆறு வழி உண்டு. மேலுள்ள எண்களைக் கூட்டினால் அந்த ஆறும் 22, 30, 32, 32, 34, 42. அதே ஆட்கள், அதே படைகள், அதே பகடை. சோடி மாறுவதால் மட்டும் படுதோல்விக்கும் பெருவெற்றிக்கும் இடையில் 20 புள்ளி ஊசலாடுகிறது.

இப்போது யாரை நிறுத்துவது? பார்த்தவுடன் கை போவது யானைக்கு. 16 புள்ளி மின்னுகிறதே. யானையை நிறுத்துகிறோம், அவர்கள் சைலோயை நிறுத்துகிறார்கள் என்று வைப்போம். நம் யானைக்கு வருபவர்கள் வார்பாண்ட்டும் நைட்டும். ஆசைப்பட்டு நைட்டை எடுத்தால் 16. ஆனால் அதே நேரத்தில் அவர்கள் தங்கள் சைலோய்க்கு நம் நைட்டை எடுப்பார்கள், நமக்கு 8. மிச்சம் ஈட்டியும் வார்பாண்ட்டும், 6. மொத்தம் 30. யானைக்கு நைட்டை விட்டுவிட்டு வார்பாண்ட்டை எடுத்திருந்தால் 12, 8, 12. மொத்தம் 32. கூடிய புள்ளியைத் தேடிப் போனவர் இரண்டு புள்ளி குறைத்துக்கொண்டு வருகிறார். அவர்கள் வார்பாண்ட்டை நிறுத்தினால் இன்னும் மோசம். நாம் எவ்வளவு சரியாக எடுத்தாலும் 30ஐத் தாண்ட விடமாட்டார்கள். யானைக்குப் பதிலாக நாம் நம் நைட்டை நிறுத்தினாலும் அதே 30தான் உறுதி.

ஈட்டியை நிறுத்திப் பாருங்கள். அவர்கள் சைலோயை நிறுத்தினால் நாம் ஈட்டிக்கு நைட்டை எடுக்கிறோம். அவர்கள் நம்மில் யாரை எடுத்தாலும் மொத்தம் 32. அவர்கள் வார்பாண்ட்டையோ நைட்டையோ நிறுத்தினால் நாம் ஈட்டிக்கு சைலோயை எடுக்கிறோம், குறைந்தது 34. ஆக ஈட்டி நிற்கும்வரை 32க்குக் கீழே போக வழியில்லை.

ஈட்டியிடம் பெரிய எண் ஒன்றுமில்லை. 12, 6, 12. ஆனால் கெட்ட எண் ஒன்றே ஒன்று. நிற்பவருக்கு இரண்டு பேரில் ஒருவரை விலக்கும் உரிமை இருக்கிறது, அந்த ஒரு கெட்டதை விலக்கிவிடலாம். கெட்ட எண் இரண்டு உள்ளவரை நிறுத்தினால் இரண்டையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள், விலக்க ஏதுமிருக்காது. நிற்பவரைத் தெரிய இதுவே முதல் அளவுகோல். அவருடைய ஆகச்சிறந்த எண்ணைப் பார்க்காதீர்கள், இரண்டாவது மோசமான எண்ணைப் பாருங்கள். இங்கே யானைக்கும் ஈட்டிக்கும் போல அது சமமாக வந்தால், மேலே செய்ததுபோல் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

எதிரணி கெட்டிக்காரராக இருந்தால் சைலோயைத்தான் நிறுத்துவார்கள், 32 வரும், காகிதத்தில் சமநிலை. அதன்பிறகு மூன்று மேசையில் எங்காவது ஒரு எலிமென்ட் கூடுதலாக விழுந்தால் 34, வெற்றி.

எண்களை எப்படிப் போடுவது

இந்த அட்டவணையை மண்டபத்தில் இருந்து நிரப்ப முடியாது. எல்லா அணிகளின் படைப்பட்டியலும் போட்டிக்கு முந்திய இரவாவது கைக்கு வரவேண்டும். அதன்பின் பட்டியல் மாறக்கூடாது. எட்டு அணி என்றால் எதிரணிகள் ஏழு, ஏழு அட்டவணை, அட்டவணைக்கு ஒன்பது எண். ஒரு கொப்பியில் அணிக்கு ஒரு பக்கம்.

ஆடுகிறவரிடமே அவருடைய எண்ணைக் கேட்டால் இரண்டு கூட்டிச் சொல்வார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, தான் நன்றாக ஆடும் நாளை நினைத்துச் சொல்கிறார். அதனால் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பேர் தனித்தனியாக எழுதுங்கள்: படைக்காரர் ஒன்று, அந்த எதிர்ப்படையாக இருந்து யோசிக்கும் தோழர் ஒன்று. இரண்டுக்கும் 2 வித்தியாசம் என்றால் குறைந்ததை எடுங்கள். 4 அல்லது மேல் என்றால் அந்த மோதலை உண்மையில் இரண்டு தரம் ஆடிப் பாருங்கள், ஒருதரம் பக்கம் மாறி. எதிர்ப்படை கையில் இல்லையென்றால் பிரச்சினையில்லை. உங்கள் அடித்தட்டுகளின் பின்பக்கத்தில் துண்டுத் தாளில் ‘வார்பாண்ட்’, ‘சைலோய்’ என்று எழுதி ஒட்டினால் போதும்.

நிலவமைப்பையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஒவ்வொரு படைக்கும் ஒரு ஆக்கிரமிப்பு எண் உண்டு, அதோடு பகடையைக் கூட்டிக் குறைந்தவர் நிலத்தை வைப்பார். குறைந்த எண் உள்ள சைலோய்ப்படை களம் முழுக்கக் கரடும் காடும் வைத்துவிட்டால், மேலே 8 என்று போட்ட நம் நைட்டின் எண் 6 ஆகிவிடும். எண் போடும்போது ‘நிலம் யார் கையில்’ என்ற கேள்வியைக் கேட்காத அட்டவணை பாதிப் பொய்.

குறைவாகத் தோற்பது

தனிப்போட்டிக்காரருக்கு மிகக் கடினமான பாடம் இது. சோடி சேர்ந்தபின் யாரோ ஒருவர் 6 என்று எழுதப்பட்ட மேசைக்குப் போகவேண்டியிருக்கும். அவருடைய வேலை வெல்வது அல்ல. 4-2 என்று தோற்பது. அவர் வெல்ல முயன்று 4-0 என்று விழுந்தால் 6 இரண்டாகிவிடும், நான்கு புள்ளி போய்விடும். அந்த நான்கை மற்ற இருவரும் சேர்ந்து மீட்பது எளிதல்ல. அணியின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் தோல்வி என்றே பதியும். ஆனாலும் சுற்றை வென்று கொடுத்தவர் அவராக இருப்பார். இதைப் புரிந்துகொண்டு கைதட்டத் தெரியாத அணி நீண்டநாள் நிலைக்காது.

டிபிஏயில் அதற்குச் சில வழிகள் உண்டு. படையை ஒரே குழுவாக வைத்திருங்கள். பகடையில் 1 விழுந்தாலும் ஒரு குழு முழுவதும் நகரும், இரண்டாகப் பிரிந்த படை அந்த இடத்தில் கிழிந்துபோகும். யானைகளைச் சைலோய் எட்டாத இடத்தில் வைத்து, முன்னால் உங்கள் இலகு காலாள்களை அனுப்புங்கள். சைலோய்க்குச் சைலோய் என்று ஒன்றுக்கொன்று மாறினாலும் வித்தியாசம் கூடாது. மூன்று எலிமென்ட் போனதும் தளபதியை முன்வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள், அது மட்டுமே 2 புள்ளி. நான்காவது விழும்முன் எதிரியிடமிருந்து இன்னும் ஒன்றைப் பறிக்க எந்த மோதல் சாத்தியமோ அதற்கு மட்டும் நகர்வைச் செலவழியுங்கள்.

நேரத்தைக் கடத்துவது இதில் சேராது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பகடையை உருட்டாமல் இருப்பவர் ஏமாற்றுகிறார். இருவரும் ஆளுக்கு எட்டு முறையாவது நகர்த்தியிருக்காமல் நேரம் முடிந்தால் நடுவர் விசாரிக்கவேண்டும், வேண்டுமென்று இழுத்தவரின் புள்ளியில் 4ஐக் கழிக்கவேண்டும் என்று விதியில் எழுதிவிடுங்கள்.

தலைவர் மேசைக்கு மேசை போகலாமா? சதுரங்க ஒலிம்பியாட்டில் அணித்தலைவர் சமநிலையைக் கேள், ஏற்றுக்கொள் என்று சொல்லலாம், காய் நிலையைப் பற்றி வாய் திறக்கமுடியாது. அதையே இங்கும் வையுங்கள். முப்பதாவது நிமிடத்தில் தலைவர் ஒருமுறை சுற்றிவந்து, எதிராளிக்கும் கேட்கும்படி ‘கூட வேண்டும்’ அல்லது ‘இருப்பது போதும்’ என்று மட்டும் சொல்லலாம். ‘இடப்பக்கத்து யானையை இழு’ என்றால் எச்சரிக்கை. காதுக்குள் குசுகுசுத்தாலும் எச்சரிக்கை.

மூன்று பேரும் ஒரே மேசையில் ஒரே பக்கமாக ஆடும் பெரிய டிபிஏயும் உண்டு: பக்கத்துக்கு 36 எலிமென்ட், ஆளுக்கு 12. பார்க்க அழகு. ஆனால் சோடி சேர்ப்பது அதில் இல்லை, அதனால் இறுதிச் சுற்றுக்கு அதை நான் சொல்லமாட்டேன். போட்டி முடிந்தபின் ஆடிக் களிக்கலாம்.

பலகையும் படையும்

எட்டு அணி, 24 பேர், 12 ஆடுகளம். 8 அடிக்கு 4 அடி பிளைவூட் ஒன்றில் 2 அடிச் சதுரம் எட்டு வெட்டலாம். இரண்டு தாள் எடுத்தால் 16, நான்கு மேலதிகம். 2 அடி என்பது 609.6 மில்லிமீற்றர். வாள் ஒவ்வொரு வெட்டிலும் மூன்று மில்லிமீற்றர் அளவில் தின்றாலும் 600 மிஞ்சும். 4 மில்லிமீற்றர் தாள் வெயிலில் வளைந்து நடு எழும்பிவிடும், 9 மில்லிமீற்றர் வாங்குங்கள். கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள், கையால் அறுத்தால் சதுரம் கோணும். ஒரு பக்கத்துக்கு மட்டும் பெயின்ற் அடித்தால் ஈரம் ஒரு பக்கத்தால் மட்டும் ஏறிப் பலகை வளையும், பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சு வேண்டும்.

நிலத்துண்டுகளுக்கு இறக்குமதிப் பொருள் தேவையில்லை. பைண்டர் கம்மைப் பூசிச் சலித்த கிரவலைத் தூவினால் கரடு நிலம். பனங்கூடலுக்கு ஈர்க்கை நான்கு சென்ரிமீற்றராக முறித்து, நுனியில் பச்சைத் தாளை விசிறிபோல் வெட்டி ஒட்டுங்கள். மரங்களை அடித்துண்டில் நிரந்தரமாக ஒட்டவேண்டாம். படை உள்ளே வரும்போது மரத்தை எடுத்து ஓரத்தில் வைக்கவேண்டும், அடித்துண்டின் எல்லைதான் காட்டின் எல்லை. குன்றுக்கு ரெஜிபோம் நல்லது, ஆனால் மேல்விளிம்பை நன்றாகச் சரித்துத் தேயுங்கள். அடித்தட்டு சறுக்கி இறங்கினால் எங்கே நின்றது என்று தகராறு வரும். மண்ணும் கல்லும் வீட்டு வளவிலோ கட்டட வேலைத்தலத்திலோ எடுங்கள். மிதிவெடிப் பலகை நிற்கும் எந்தக் காணிக்குள்ளும் எதற்காகவும் இறங்கக்கூடாது.

உலோக உருவங்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க முடியாதவர்கள் தாள் உருவத்தோடு வரலாம், அதைத் தாழ்வாகப் பார்க்கும் போட்டி எனக்குப் பிடிக்காது. லேசர் பிரின்ரில் எடுங்கள். இங்க்ஜெட் மை வியர்த்த விரல் பட்டதும் கரையும். தாள் உருவத்துக்குப் பெரிய எதிரி மின்விசிறி. கச்சான் வீசும் மாதங்களில் விசிறி இல்லாமல் மண்டபத்தில் இருக்கமுடியாது, விசிறி சுழன்றால் படை பறக்கும். ஈட்டிப்படையின் அடித்தட்டு 40க்கு 15 மில்லிமீற்றர். அதன் கீழே ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் எம்6 வாஷர் இரண்டை ஒட்டினால் சரியாக அமரும், வாஷரின் வெளிவிட்டம் 12 மில்லிமீற்றர்தான். 12 எலிமென்ட்டுக்கு 24 வாஷர். இந்த வாஷர் இன்னொன்றுக்கும் உதவும். பெட்டியின் அடியில் காந்தத் தாளை ஒட்டிவிட்டால் பஸ் குலுக்கினாலும் உருவங்கள் உருளாது.

முப்பரிமாண அச்சில் பிஎல்ஏயால் எடுத்த உருவங்களை மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் வைத்து வெயிலில் விடவேண்டாம். 60 பாகை அளவிலேயே அது இளகத் தொடங்கும், ஈட்டிகள் வாடிய கீரைத்தண்டுபோல் தலை சாயும். மாரிகாலத்தில் மற் வார்னிஷ் ஸ்பிரே அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டி வெள்ளையாகப் பூத்துவிடும், வண்ணமெல்லாம் மறையும். மழை இரண்டு நாள் விட்டபின் நண்பகலில் அடியுங்கள், அல்லது தூரிகையால் பூசுங்கள்.

ஒரு பகல்

இடத்துக்கு மாங்குளம் நல்லது. ஏ9 வீதியில் கிளிநொச்சிக்காரரும் வவுனியாக்காரரும் வந்து சேரலாம், முல்லைத்தீவு வீதியும் மல்லாவிப் பக்கத்து வீதியும் அங்கேயே பிரிகின்றன. ஒரு சுற்றுக்கு 85 நிமிடம்: சோடி சேர்க்க 15, ஆட 60, புள்ளி எழுதிக் கையொப்பமிட 10. 8.30க்குத் தொடங்கினால் முதற்சுற்று 9.55க்கு முடியும். இரண்டாவது 10.05 முதல் 11.30. சாப்பாட்டுக்கு 45 நிமிடம். மூன்றாவது 12.15 முதல் 1.40. நான்காவது 1.50 முதல் 3.15. சாப்பாட்டை மண்டபத்துக்கே எடுப்பியுங்கள், கடைக்குப் போனவர்கள் நேரத்துக்குத் திரும்புவதில்லை.

முதற்சுற்றில் யார் யாரோடு என்பதைக் குலுக்கலால் தீர்த்து, பின்னர் சமமான அணிப்புள்ளி உள்ளவர்களை மோதவிடும் சுவிஸ் முறையே போதும். எட்டு அணிக்கு மூன்று சுற்றில் தோல்வியில்லாத அணி ஒன்று வெளிவரும். ஆனால் சமநிலைகள் விழும் என்பதால் நான்காவது சுற்றை விடாதீர்கள். ஓர் அணி வராமல் போனால் ஒற்றையாகும். அதற்கு உள்ளூர்க்காரர் மூன்று பேரைப் படையோடு தயாராக வைத்திருங்கள், அவர்களுடைய புள்ளி வரிசையில் சேராது. வெறும் கையோடு ஒரு சுற்றுக் காத்திருக்கும்படி யாரையும் தூரத்திலிருந்து கூப்பிடக்கூடாது.

மற்ற நாடுகளில் பெஸ்ட் கோஸ்ட் பெயரிங்ஸ் போன்ற செயலிகளில் புள்ளியைப் பதிகிறார்கள். கரண்ட் போனாலும் வேலை நிற்காமல் இருக்க, இங்கே தாள்தான் முதல். ஒரு சுற்றுக்கு ஒரு மோதலுக்கு ஒரு தாள், மூன்று ஆட்டத்துக்கும் வரி, இழந்த எலிமென்ட் எண்ணிக்கை இரு பக்கமும், தளபதி போனாரா என்று ஒரு கட்டம், இரண்டு தலைவர்களின் கையொப்பம். புள்ளியை ஆடியவர்கள் கணக்கிட வேண்டாம். அவர்கள் இழப்பை மட்டும் எழுதட்டும், 20இல் பங்கு பிரிப்பதை நடுவர் மேசை செய்யட்டும். 14-6 என்று எழுதவேண்டியதை 12-8 என்று எழுதியதால் அடுத்த சுற்றின் சோடி முழுவதும் பிழைத்துப்போவதுண்டு. தாளைப் பெட்டிக்குள் போடமுன் இரு தலைவர்களும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளட்டும்.

3.30க்கு முடிவைச் சொல்லிவிடுங்கள். பரிசளிப்பில் பேச்சாளர் வேண்டாம். பலகைகளை எட்டெட்டாக அடுக்கிக் கயிறு கட்ட இருபது நிமிடம் போகும், அதற்கு அணிக்கு ஒருவரைக் காலையிலேயே பெயர் குறித்து வையுங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவர்களை அந்த வேலைக்குப் போடாமல் முதல் பஸ்ஸுக்கு விடுங்கள். இருட்டினால் வீதியில் யானை இறங்கும்.